இரண்டாவது வாரத்தில் செத்த லார்வாக்கள்: ஓரிகன் சிப்பிப் பொரிப்பகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் என்று ஒரு சின்ன விரிகுடா இருக்கிறது. ஆழம் குறைவு. கடல் வற்றும் நேரத்தில் சேறும் கடற்புல்லும் பரப்பாக வெளியே தெரியும். பெரிய ஆறு எதுவும் அதில் வந்து கலப்பதில்லை. சில ஓடைகள் மட்டும்தான். அதனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் பசிபிக் கடலின் நீர். சாக்கடை கிடையாது, தொழிற்சாலை கிடையாது. சிப்பிக் குஞ்சு பொரிக்க இதைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தக் கரையில்தான் விஸ்கி கிரீக் பொரிப்பகம் பல பத்தாண்டுகளாக நடந்துவந்தது. ஒரு கணவனும் மனைவியும் கையில் வைத்திருந்த குடும்பத் தொழில், கூடவே சில பணியாளர்கள்.

அங்கே பொரித்தது பசிபிக் சிப்பி. அதன் பூர்வீகம் ஜப்பான். அந்தக் கரைக்கே உரிய ஒலிம்பியா சிப்பியை 19-ஆம் நூற்றாண்டில் அள்ளித் தீர்த்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியச் சிப்பியைக் கொண்டுவந்தார்கள். வந்தது நன்றாக வளர்ந்தது. ஆனால் அந்தக் கடலின் குளிரில் பெரும்பாலான இடங்களில் தானாக இனம் பெருக்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்து வில்லாபா விரிகுடா மாதிரி வெதுவெதுப்பான சில இடங்களில் மட்டும்தான் இயற்கையாகக் குஞ்சு ஒட்டும். ஆகவே கரை முழுக்கச் சிப்பி வளர்ப்பவர்கள் விதைக்கு, அதாவது வளர்க்க எடுக்கும் இளம் சிப்பிக்கு, ஒருசில பொரிப்பகங்களையே நம்பியிருந்தார்கள். சொந்தமாகப் பொரிப்பகம் இல்லாத சிறு வளர்ப்பாளர்களுக்கு விஸ்கி கிரீக்தான் பிரதான விதைக்கடை.

பொரிப்பு வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் சிக்கல் அதற்குள்தான் இருக்கிறது. தாய்ச் சிப்பிகளைத் தொட்டியில் வைத்து நீரின் சூட்டை ஏற்றுவார்கள். முட்டையும் விந்தும் வெளியே வரும், கலப்பார்கள். ஏறக்குறைய ஒரு நாளில் முட்டை நீந்தும் லார்வாவாகிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஆங்கில எழுத்து 'டி'-யைப் படுக்கப் போட்டதுபோல இரண்டு ஓடுகளும் நேர்க்கோட்டில் ஒட்டியிருக்கும். அந்த நிலைக்கே டி-லார்வா என்றுதான் பெயர். அப்புறம் இரண்டு மூன்று வாரம் நுண்பாசி தின்று வளரும். தொட்டியை அவ்வப்போது வடித்து, நைலான் சல்லடையில் அளவு பார்த்துப் பிரிப்பார்கள். ஒட்டுவதற்குத் தயாராகும்போது ஓட்டுக்குள் கறுப்பாக ஒரு கண்புள்ளி தெரியும். அந்தப் பருவத்தில் சல்லடையில் வழித்தெடுத்தால் ஈரமான காபித்தூள் மாதிரி இருக்கும். கைக்குள் அடங்கும் உருண்டையில் பல லட்சம் உயிர்கள். ஈரத்துணியில் சுற்றி, குளிர்பெட்டியில் வைத்து, கூரியரில் அனுப்பிவிடலாம். வாங்கியவர் தன் தொட்டியில் பழைய சிப்பி ஓடுகளைப் போட்டு அவற்றின்மேல் ஒட்டவிடுவார்.

முதலில் தெரிந்தது

2007-இல் லார்வாக்கள் சாகத் தொடங்கின. பொரிப்பகத்தில் ஒரு தொட்டி, இரண்டு தொட்டி போவது புதிதல்ல. இந்தத் தடவை தொட்டி தொட்டியாகப் போனது. 2008-இல் வழக்கமான உற்பத்தியில் முக்கால் பங்குக்குக் கிட்ட இல்லாமல் போய்விட்டது. விதை கேட்டுக் காத்திருந்த வளர்ப்பாளர்களுக்குச் சொல்ல பதில் இல்லை. வில்லாபாவிலும் 2005 முதலே இயற்கைக் குஞ்சு ஒட்டுவது பொய்த்துக்கொண்டிருந்தது, எனவே அந்தப் பக்கமும் கை நீட்ட முடியவில்லை.

செத்த விதம் விசித்திரமாக இருந்தது. கருவுறுதலில் குறை இல்லை. டி-லார்வாவும் பார்வைக்கு ஓரளவு சரியாகவே வந்தது. முதல் சில நாள் வளர்ச்சியிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம்தான் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடும். சல்லடையில் அடுத்த அளவுக்கு ஏறாது. நீரெங்கும் பரவி நீந்த வேண்டியவை தொட்டியின் அடியில் போய்ப் படியும். பிறகு சாவு.

முதல் முடிவு: கிருமியைத் தேடியது

மரக்காணம் பக்கம் இறால் பொரிப்பகங்களில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இந்த இடத்தில் உடனே ஒரு பாக்டீரியாவின் பெயரைச் சொல்வார்கள்: வைப்ரியோ. ஓரிகனிலும் அதைத்தான் சொன்னார்கள். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. சிப்பி லார்வாவைக் கொல்லக்கூடிய வைப்ரியோ வகை அந்தக் கரையில் அப்போது உண்மையிலேயே அதிகமாக இருந்தது. வைப்ரியோ டுபியாஷி என்று அதை அடையாளம் கண்டார்கள். நீரைச் சோதித்தபோது கிருமி கிடைத்தது, லார்வாவும் செத்தது. இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தயக்கம் வராது.

எனவே உரிமையாளர்கள் பணம் செலவழித்து, வரும் நீரை வடிகட்டிக் கிருமி நீக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். குழாய்களைக் கழுவினார்கள், தொட்டிகளைக் காயப்போட்டார்கள். வைப்ரியோ அடங்கியது.

லார்வாக்கள் தொடர்ந்து செத்தன.

என் கணிப்பில் இந்த ஆய்வின் நடு இடம் இதுதான். கிருமி பொய்யல்ல, அதற்குச் செய்த வைத்தியமும் வீண் அல்ல. ஆனால் உண்மையான ஒரு காரணம் கைக்குக் கிடைத்துவிட்டால், இன்னொரு காரணம் பின்னால் நிற்பது கண்ணில் படுவதில்லை. நோய் அடங்கிய பிறகும் சாவு அடங்கவில்லை என்று தெளிவான பிறகுதான் கேள்வி மாறியது. அதுவரை 'நீருக்குள் என்ன உயிர் இருக்கிறது' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'நீரே எப்படி இருக்கிறது' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

2008 கோடை: காற்றும் குளிர்நீரும்

2008 ஜூலையில் இன்னொரு பெரிய சாவு நடந்தது. அந்தத் தடவை நீரில் வைப்ரியோ குறைவு. பொரிப்பகத்தில் நீரின் தரத்தைக் கவனித்துவந்த பணியாளர் வேறொன்றைப் பார்த்தார். சாவுக்கு முன்பு வடக்கிலிருந்து பலமான காற்று அடித்திருந்தது. உள்ளே வந்த நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் உப்புக் கூடியும் இருந்தது.

அந்தக் கரையில் இதற்கு ஒரே பொருள்தான். வசந்தத்திலும் கோடையிலும் வடக்கிலிருந்து வீசும் காற்று, பூமியின் சுழற்சியோடு சேர்ந்து, கரையோர மேல்நீரை ஆழ்கடல் பக்கம் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து நீர் மேலே வரும். அடிநீர் மேலெழுச்சி என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் இதேபோல நடக்கிறது. மேலே வரும் நீரில் சத்து அதிகம், மீன்பாடும் நன்றாக இருக்கும். ஆகவே மேலெழுச்சி என்றாலே வரம் என்றுதான் மீனவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருந்தது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் வேதியியலாளர்கள் 2007-இல் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை கரையோரமாகக் கப்பலில் போய் நீர் எடுத்திருந்தார்கள். சுண்ணாம்பு ஓட்டை அரிக்கக்கூடிய நீர் கரைப்பகுதியின் மேல்தளம்வரை ஏறிவந்திருப்பதைக் கண்டார்கள். வடக்குக் கலிபோர்னியா அருகே ஓரிடத்தில் அது மேற்பரப்பையே தொட்டிருந்தது. அதுவரை இப்படிப்பட்ட நிலை இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வரும் என்று நினைத்திருந்தார்கள்.

வேதியியல், தேவையான அளவுக்கு

மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனிகளை விடுகிறது. அமிலத்தன்மையைச் சொல்லும் அளவு பி.எச்., எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள். தொழிற்புரட்சிக்கு முன்பு மேற்பரப்பு நீரின் பி.எச். ஏறத்தாழ 8.2, இப்போது 8.1 அளவில். 0.1 தானே என்று தோன்றும். பி.எச். மடக்கை அளவு (ஒன்று இறங்கினாலே ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும்) என்பதால், அந்தச் சின்ன இறக்கத்துக்கே ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. 'அமிலமாதல்' என்ற பெயர் அதன் போக்கைத்தான் சொல்கிறது.

சிப்பிக்கு அடி விழுவது வேறிடத்தில். கூடிய ஹைட்ரஜன், நீரிலுள்ள கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. ஓடு கட்ட வேண்டிய சரக்கே கார்பனேட்தான். நம் ஊரில் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சிப்பி லார்வா தன் உடம்புக்குள் கட்டுவதும் அதே கிளிஞ்சல்தான், அரகோனைட் என்ற படிக வடிவில். நீரில் அரகோனைட் கட்டுவதற்கு எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதை நிறைவுநிலை என்ற எண்ணால் சொல்வார்கள். அது 1-க்குக் கீழே போனால் வெறும் அரகோனைட் கரைய ஆரம்பிக்கும்.

ஆழநீரில் இந்த எண் இயற்கையாகவே குறைவு. மேலிருந்து விழும் செத்த உயிர்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே போகும். அதன்மேல் மனிதர் பங்கும் ஏறுகிறது. இப்போது மேலே வரும் நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது பல பத்தாண்டுகளுக்கு முன்பு, அன்றைக்கிருந்த புகையோடு உள்ளே போனது. அதற்குப் பிறகு உள்ளே போனது இன்னும் வரிசையில் நிற்கிறது.

அளந்து பார்த்தது

பொரிப்பகம் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர்களோடும் நோவா ஆய்வாளர்களோடும் கைகோத்தது. 2009 கோடைத் தொடக்கத்தில், உள்ளே வரும் நீரையும் ஒவ்வொரு தொகுதி லார்வாவின் கதியையும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்தார்கள். ஒரே விரிகுடாவின் நீர், ஒரே பருவம். பி.எச். 7.6-க்குக் கீழிருந்து 8.2-க்கு மேல்வரை ஆடியது. நிறைவுநிலை 0.8-க்குக் கீழிருந்து 3.2-க்கு மேல்வரை போனது. அதாவது, கப்பலில் வந்த ஆய்வாளர்கள் பயந்த நீர் ஏற்கெனவே தொட்டிக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

முடிவுகள் 2012-இல் வெளியாயின. முட்டை கலந்து முதல் 48 மணி நேரம் எந்த நீரில் இருந்தனவோ, அந்த நீரின் நிறைவுநிலையோடு அந்தத் தொகுதியின் மொத்த விளைச்சல் ஒத்துப்போனது. நிறைவுநிலை ஏறக்குறைய 1.7-க்குக் கீழிருந்த நீரில் தொடங்கிய தொகுதிகள் போட்ட கணக்குக்குத் தேறவில்லை. நீர் கரைக்கும் அளவுக்குக் கெட வேண்டும் என்றே இல்லை, கட்டுவது கடினமானாலே போதும்.

ஆனால் பாதிப்பு ஆரம்ப வளர்ச்சியில் தெரியவில்லை. நடுப்பருவத்தில், லார்வா 120 மைக்ரான் அளவைத் தாண்டும்போதுதான் தெரிந்தது. இரண்டு ஆண்டுக் குழப்பத்துக்கு விடை இந்த ஒரு தாமதத்தில் இருந்தது. தொட்டியில் சாவு விழும் நாளன்று நீரைச் சோதித்தால் நீர் நன்றாகவே இருந்திருக்கும். கெட்ட நீர் வந்துபோய் ஒரு வாரம், பத்து நாள் ஆகியிருக்கும். குற்றம் நடந்த நாளுக்கும் பிணம் கிடைத்த நாளுக்கும் நடுவில் நீர் மாறிவிட்டது.

ஏன் அந்த 48 மணி நேரம்? அதே பல்கலைக்கழகத்தின் அடுத்த ஆய்வு 2013-இல் அதைத் தெளிவாக்கியது. பசிபிக் சிப்பி லார்வா அந்த இரண்டு நாளில் தன் உடல் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஓடாகவே படிய வைத்துவிடுகிறது. இன்னும் வாய் திறந்து தின்னத் தொடங்கவில்லை. கையிலிருப்பது தாய் முட்டையில் வைத்துவிட்ட கொழுப்பு மட்டும். நீரில் கார்பனேட் குறைந்தால் அதே ஓட்டைக் கட்ட அதிகச் சக்தி செலவாகும். கொத்தனார் வீட்டைக் கட்டி முடித்துவிடுகிறார், அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குக் காசில்லை. அதனால்தான் டி-லார்வா பார்வைக்கு நன்றாக இருந்துவிட்டுப் பிறகு பட்டினியில் நின்றது.

எடுத்த முடிவுகள்

முதல் மாற்றத்துக்குச் செலவே இல்லை. தொட்டி நிரப்பும் நேரத்தை மாற்றினார்கள். விரிகுடாவில் கடற்புல்லும் பாசியும் நிறைய. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். இரவில் எல்லாம் மூச்சுவிட்டு அதைத் திருப்பிக் கொட்டும். எனவே காலையில் வரும் நீர் மோசம், பிற்பகல் நீர் பரவாயில்லை. காலையில் வந்து வேலையைத் தொடங்கியதும் தொட்டி நிரப்புவது எந்தப் பண்ணையிலும் சாதாரணப் பழக்கம். பிற்பகலுக்குத் தள்ளியதும் சில தொகுதிகள் தேறின. மேலெழுச்சி பலமாக இருக்கும் நாள்களில் முட்டை கலப்பதைத் தள்ளிவைத்தார்கள்.

இரண்டாவது மாற்றம் நீரையே திருத்துவது. சோடியம் கார்பனேட்டைக் கரைத்து, வரும் நீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்கள். நாம் கடையில் வாங்கும் சலவைச் சோடாதான் அது. ஆப்பத்துக்குப் போடுவது இல்லை, அது பைகார்பனேட். இங்கே குறைந்துபோனது கார்பனேட் என்பதால் கார்பனேட்டையே கொடுத்தார்கள். முதலில் கையால் அளந்து, பிறகு அளவியைப் பார்த்துத் தானே சொட்டும் கருவியாக அது வளர்ந்தது. முக்கியமாக அந்த முதல் 48 மணி நேரத்துக்கான நீருக்குத்தான் கவனம் முழுவதும்.

மூன்றாவது, அளக்கும் கருவி. பேனா வடிவ பி.எச். மீட்டரை முக்கிப் பார்த்து நிறைவுநிலையைச் சொல்ல முடியாது. நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தையும் மொத்தக் கார்பனையும் தொடர்ந்து அளக்கும் கருவி ஒன்றைப் பல்கலைக்கழக வேதியியலாளர் பர்க் ஹேல்ஸ் உருவாக்கியிருந்தார். அவருடைய பெயரையே ஒட்டி வளர்ப்பாளர்கள் அதை 'பர்க்கொலேட்டர்' என்று கூப்பிட்டார்கள்.

பிறகு நடந்தது

உற்பத்தி மீண்டது. பழைய நிலைக்கு ஒரேயடியாகத் திரும்பவில்லை, ஆனால் கதவைப் பூட்டிவிட்டுப் போகும் நிலையிலிருந்து மீண்டது. செனட்டர் ஒருவரின் முயற்சியில் 5 லட்சம் டாலர் கூட்டாட்சி நிதி கிடைத்து, கரையோரப் பொரிப்பகங்களில் கண்காணிப்புக் கருவிகள் வந்தன. வாஷிங்டன் மாநில ஆளுநர் 2012-இல் கடல் அமிலமாதலுக்கென்றே வல்லுநர் குழு ஒன்றை அமைத்தார். அறிவியலாளர்களோடு சிப்பி வளர்ப்பாளர்களும் அதில் உட்கார்ந்தார்கள். பருவநிலைப் பேச்சு என்றாலே முகம் திருப்பும் ஊர்களில், விதை வராமல் போன அனுபவம் அந்தப் பேச்சை உள்ளே கொண்டுவந்தது என்று சொல்லலாம்.

மற்றவர்கள் அவரவர் இடத்துக்கு ஏற்ப வழி தேடினார்கள். வாஷிங்டனில் டாபாப் விரிகுடாவிலிருந்த பெரிய பொரிப்பகம் ஒன்றுக்கு ஆழத்திலும் மேலேயும் நீர் எடுக்கும் குழாய்கள் இருந்தன. காற்றின் திசை பார்த்து எதைத் திறப்பது என்று முடிவெடுக்கக் கற்றுக்கொண்டார்கள். வில்லாபாவில் சிப்பி வளர்த்த ஒரு குடும்பம் பொரிப்பு வேலையையே ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே லார்வாவைப் பொரித்து விமானத்தில் அனுப்புகிறார்கள். வசதி இருந்தவர்களால் அது முடிந்தது.

2014 இறுதியில் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். பி.எச்., கார்பன் டை ஆக்சைடு, நிறைவுநிலை மூன்றும் இயற்கையில் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டே ஏறி இறங்கும். ஆய்வுக்கூடத்தில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து லார்வாக்களை வளர்த்துப் பார்த்தார்கள். ஓட்டு வளர்ச்சியைத் தீர்மானித்தது நிறைவுநிலைதான். சலவைச் சோடா ஏன் வேலை செய்தது என்பதற்கு முறையான விளக்கம், அதைப் போடத் தொடங்கிச் சில ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

பதிவேடு. ஒவ்வொரு தொகுதிக்கும் அது எந்த நாள், எந்த மணிக்கு எடுத்த நீரில் பிறந்தது, அன்றைய வெப்பம், உப்பு, காற்றுத் திசை என்ன என்று தொகுதியின் பெயரோடு சேர்த்து முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தால், 2007-இன் சாவுகளே ஒரு வரிசையைக் காட்டியிருக்கும். வெப்பமானியும் உப்புமானியும் எந்தப் பொரிப்பகத்திலும் இருப்பவைதான், புதிதாக வாங்க வேண்டியதில்லை. சாவு விழுந்த நாளை எழுதிவைப்பது எல்லோருக்கும் பழக்கம், பிறந்த நாளின் நீரை எழுதிவைப்பதுதான் விட்டுப்போனது.

ஒப்பீட்டுத் தொட்டி. கிருமிநீக்க ஏற்பாட்டுக்குப் பெரும் செலவு செய்வதற்கு முன்பு, ஒரே தாய்களின் முட்டையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் காலை நீரிலும் மறு பாதியைப் பிற்பகல் நீரிலும் விட்டுப் பார்ப்பது சில வாளிகளில் முடிகிற வேலை. தொழில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது அந்த நிதானம் யாருக்கும் வராது என்பதும் உண்மை. வேலை நன்றாகப் போகும் காலத்திலேயே இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

பிற்பகல் நீரை நம்பியிருந்ததும் நெடுநாள் திட்டம் ஆகாது. அந்த நல்ல நீர் கடற்புல்லும் வெயிலும் சேர்ந்து கொடுப்பது. மேகம் மூடிய நாளிலும் மேலெழுச்சி விடாமல் நீடிக்கும் வாரத்திலும் அது கிடைக்காது. சொட்டுக் கருவியைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தத் திருத்தம் எட்டுவது தொட்டிவரைதான். கண்புள்ளி வந்த லார்வாவைச் சுற்றி அனுப்பிய பிறகு அது வளர்ப்பாளரின் தொட்டியிலும் பின்பு திறந்த விரிகுடாவிலும்தான் வளர வேண்டும். ஒட்டிய குஞ்சுக்கு முதல் இரண்டு நாள் லார்வாவைவிடத் தாங்குதிறன் அதிகம், அதனால் பெரும்பாலும் தப்பிக்கிறது. அதே நீரில் சல்லடையும் சொட்டுக் கருவியும் இல்லாமல் முட்டையிடும் மட்டிகளும் இறக்கைக்கால் நத்தைகள் என்ற நீந்தும் சின்னக் கடல் நத்தைகளும் இருக்கின்றன. இறக்கைக்கால் நத்தைகளின் ஓடு கரைந்திருப்பதை நோவா ஆய்வாளர்கள் அதே கரையில் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.